வெள்ளிமலைக்கு ஏறும் மேசை

கள்ளக்குறிச்சியில் ஸ்டீயரிங் பிடிக்கப் பழகுகிறவருக்கு இரண்டு சாலைகள் வாத்தியார்களாக வாய்த்திருக்கின்றன. ஒன்று, சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று ஊர்களை ஒட்டிக்கொண்டு போகும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. அதில் எண்பதில் போகும் காரின் ஓட்டுநர் கை அசைவதே வெளியில் தெரியாது. இரண்டு மூன்று டிகிரி இப்படியும் அப்படியும் தொட்டுக்கொடுத்தபடி இருப்பார், அவ்வளவுதான். மற்றொன்று, கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. அங்கே கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டால், ஓட்டுநர்கள் பாஷையில் சொன்னால், முழுசாக ஒடிக்க வேண்டும். ஒரு கை மற்ற கையைத் தாண்டிப் போகும். பேருந்தென்றால் சக்கரம் ஒரு சுற்றையும் தாண்டிச் சுழலும். நேர்ச்சாலையில் அடக்கம், வளைவில் தாராளம் என்று ஒரே ஸ்டீயரிங் இரண்டு குணத்தையும் காட்டியாக வேண்டும். கார் விளையாட்டுக்கென்று பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கி மேசையில் மாட்டும் ஸ்டீயரிங்கிடமும் நாம் கேட்பது இதைத்தான். பெட்டியைப் பிரித்த நாளில் அது இரண்டிலும் தோற்கிறது. காசுக்கேத்த தோசை என்று சொல்லி ஒரே வாரத்தில் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அவசரமானது. தோல்விக்குப் பெரும்பங்கு காரணம் அதை மாட்டிய விதமும், விளையாட்டின் செட்டிங்ஸில் யாரும் தொடாமல் விட்ட நான்கைந்து எண்களும் என்பதைக் கணக்குப் போட்டே காட்ட முடியும்.

இந்த ஆசை பெரும்பாலும் செல்போனில்தான் முளைக்கிறது. 2017-ல் வெளிவந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற விளையாட்டு, பேருந்தின் மேல்பூச்சை அவரவர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. ஜாவாத் தீவுச் சாலையில் தமிழ்நாடு அரசுப் பேருந்து ஓட ஆரம்பித்தது அப்படித்தான். வீட்டுக்குக் கணினி வந்ததும் செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ வருகிறது. சுமாரான கணினியிலும் ஓடும் என்பது அதன் பெரிய பலம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த பிறகு, கார் பந்தயம் என்ற சொல்லே வீட்டுக்கூடம் வரை வந்துவிட்டது. ஆனால் விசைப்பலகையில் வண்டி ஓட்டுவது லைட் சுவிட்சைத் தட்டுவது போன்றது. அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை. செல்போனைச் சாய்த்து ஓட்டுவதில் அளவு உண்டு, ஆனால் நடு எது என்று கைக்குத் தெரியாது. சக்கரம் கோணத்தை அளந்து சொல்லும், நடுவுக்குத் தானே திரும்பி வரும். ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் ஒரு ஸ்பிரிங்கோ ரப்பர் பட்டையோ சக்கரத்தை நடுவுக்கு இழுக்கும். மொத்தச் சுழற்சி 180 டிகிரி அல்லது 270 டிகிரி. பிஎக்ஸ்என் வி9 போன்ற சிலவற்றில் ஒரு சுவிட்சைத் தள்ளி 900 டிகிரிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு சிறு மோட்டார்கள் செல்போன்போல் அதிரும். சாலையைப் பற்றி அந்த அதிர்வு பெரிதாக எதுவும் சொல்லாது. இரண்டாம் வகையில் உண்மையான மோட்டார் பற்சக்கரத்தாலோ பெல்ட்டாலோ ஸ்டீயரிங்கை எதிர்த்துத் தள்ளும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது இதுதான். 2015-ல் வந்த லாஜிடெக் ஜி29 (900 டிகிரி), த்ரஸ்ட்மாஸ்டர் டி150 (1080 டிகிரி) இந்த ரகம். மூன்றாவது, மோட்டாரின் அச்சிலேயே ஸ்டீயரிங்கைப் பூட்டிய டைரக்ட் டிரைவ். முதல் வகை பத்தாயிரத்துக்குள் முடியும். இரண்டாவது புதிதாக வாங்கினால் இருபதாயிரத்தைத் தாண்டும். மூன்றாவதன் விலையை இந்தக் கட்டுரையில் பேச வேண்டியதில்லை. ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லலாம்: அட்டாரி நிறுவனம் ‘கிரான் ட்ராக் 10’ என்ற காசு போட்டு ஆடும் விளையாட்டு எந்திரத்தில் ஸ்டீயரிங்கையும் பெடலையும் கியரையும் வைத்தது 1974-ல், அதன் வழிவந்த அட்டாரி கேம்ஸ் நிறுவனம் ‘ஹார்ட் ட்ரைவின்’ விளையாட்டில் கையை எதிர்க்கும் ஸ்டீயரிங்கைக் கொடுத்தது 1989-ல். அரை நூற்றாண்டு ஆகியும் மலிவு விலைச் சக்கரம் 1974-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

இனி கணக்கு. சாதாரண காரின் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரை முதல் மூன்றரைச் சுற்று சுழலும். இரண்டரை என்றே வைத்துக்கொள்வோம்: 900 டிகிரி, நடுவிலிருந்து ஒரு பக்கம் 450. அந்த 450-க்கு முன் டயர் 30 டிகிரி திரும்புகிறது என்றால், கை 15 டிகிரி திருப்பினால் டயர் ஒரு டிகிரி திரும்பும். இப்போது அதே காரை 180 டிகிரி சக்கரத்தில் மாட்டுங்கள். ஒரு பக்கம் 90 டிகிரிதான் உண்டு, அதற்குள் டயர் 30 டிகிரி போயாக வேண்டும். கை 3 டிகிரி திருப்பினாலே டயர் ஒரு டிகிரி. அதாவது நிஜ காரைவிட ஐந்து மடங்கு முரட்டுத்தனமாக ஒடிக்கும் வண்டி. நெடுஞ்சாலையில் இதன் விளைவைப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.6 மீட்டர் இடைவெளி உள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது, கை 5 டிகிரி நகர்கிறது. நிஜ காரில் டயர் மூன்றில் ஒரு டிகிரி திரும்பும், வண்டி சுமார் 450 மீட்டர் ஆரமுள்ள அகன்ற வளைவில் சாயும், உடம்பைப் பக்கவாட்டில் தள்ளும் விசை எடையில் பத்தில் ஒரு பங்கு. தூங்குகிற குழந்தை விழிக்காது. மேசைச் சக்கரத்திலோ டயர் ஒன்றே முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பும், ஆரம் 90 மீட்டராகச் சுருங்கும், விசை எடையில் பாதிக்கு மேல். கார் பக்கத்துத் தடத்துக்குப் பாய்ந்துவிடும். திரையில் வண்டி பாம்பு மாதிரி நெளிகிறதே, எனக்கு ஓட்டத் தெரியவில்லையோ என்று பையன் சந்தேகப்படுகிறான். அனுபவமுள்ள ஓட்டுநர் உட்கார்ந்தாலும் அந்த வண்டி நெளியத்தான் செய்யும்.

இதற்கு விளையாட்டுகளே ஒரு வழி வைத்திருக்கின்றன. ஸ்டீயரிங் லீனியாரிட்டி, நான்-லீனியாரிட்டி, காமா என்று விளையாட்டுக்கு ஒரு பெயரில் ஒரு நகர்த்தி இருக்கும். அதை நகர்த்தினால் நடுப்பகுதி மந்தமாகும், ஓரங்கள் வேகமாகும். ஆனால் எல்லை வரை நகர்த்தக் கூடாது, ஏன் என்பதை வெள்ளிமலைப் பாதை சொல்லிக்கொடுக்கும். பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் நம் கார் திரும்ப, டயர் ஏறத்தாழ 15 டிகிரி, அதாவது தன் முழுத் திருப்பத்தில் பாதி போக வேண்டும். நிஜ ஸ்டீயரிங்கில் அது 220 டிகிரி, அரைச்சுற்றுக்கு மேல். ஆறு மீட்டர் அச்சு இடைவெளியுள்ள பேருந்து பன்னிரண்டு மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டுமானால், விகிதத்தை 20-க்கு 1 என்று வைத்தாலே ஓட்டுநர் ஒன்றரைச் சுற்று ஒடிக்க வேண்டியிருக்கும். 180 டிகிரி சக்கரத்தில் கார் வளைவு முழுவதும் 45 டிகிரியில் முடிந்துவிடும். நடுவை நன்றாக மந்தப்படுத்தி, கை பாதி திரும்பினால் டயர் கால்வாசிதான் திரும்பும்படி வைத்தோமானால், நெடுஞ்சாலையில் வண்டி சாதுவாகிவிடும். ஆனால் வளைவில் அந்த 15 டிகிரியை எட்ட கை 64 டிகிரி போக வேண்டும், மீதிப் பாதித் திருப்பம் முழுவதும் கடைசி 26 டிகிரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வளைவின் நடுவில் கை கொஞ்சம் பிசகினாலும் வண்டி தடுப்புச் சுவரில் மோதும். ஒரு சாலையைச் சரிசெய்து மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். 270 டிகிரி சக்கரத்தில் இந்த இழுபறி வெகுவாகக் குறைகிறது. நகர்த்தியை மிதமாக, நடுவளவுக்கும் குறைவாக வைத்தாலே கையின் 5 டிகிரிக்கு டயர் ஐந்தில் ஒரு டிகிரி அளவில் திரும்பும்படி செய்யலாம். நிஜ காரின் மூன்றில் ஒன்றுக்கு இது பக்கம். கொண்டை ஊசி வளைவோ 85 டிகிரியில் வரும், அதற்குப் பிறகும் 50 டிகிரி கைவசம் இருக்கும். ஆகவே எண்களால் ஈடுகட்ட முடியாத குறை என்று வன்பொருளில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது சுழற்சி அளவுதான்; 180 டிகிரிச் சக்கரத்தை எப்படி வளைத்தாலும் இரண்டு சாலைக்கும் ஆகாது.

அடுத்த எண், டெட்ஸோன். மெக்கானிக் பட்டறைகளில் ‘ஸ்டீயரிங்கில் பிளே இருக்கு’ என்பார்களே, அதே சங்கதி. சக்கரத்தை அசைத்தாலும் வண்டி கேட்காத ஒரு சிறு பகுதி நடுவில் இருக்கும். நிஜ வண்டியில் பிளே இருந்தால் பழுது என்று பார்ப்போம். விளையாட்டில் அதைத் தயாரிப்பாளரே வேண்டுமென்று வைக்கிறார், ஏனென்றால் மலிவான அளவுமானி நடுவில் நிலையாக நிற்காமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் 180 டிகிரி சக்கரத்தில் ஐந்து சதவீத டெட்ஸோன் என்றால் இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கம் நாலரை டிகிரி செத்த பகுதி. நெடுஞ்சாலை ஓட்டுநர் செய்யும் திருத்தமெல்லாம் இரண்டு மூன்று டிகிரி என்று மேலே பார்த்தோம். அத்தனையும் அந்தச் செத்த பகுதிக்குள் விழுந்து வீணாகிறது. கை திருப்பும், வண்டி கேட்காது. இன்னும் கொஞ்சம் திருப்பும், திடீரென்று கேட்கும். எனவே பூஜ்யத்தில் ஆரம்பியுங்கள். நேர்ச்சாலையில் சக்கரத்தைத் தொடாமல் விட்டு, வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் ஒவ்வொரு சதவீதமாகக் கூட்டி, இழுவை நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு, மலிவுச் சக்கரங்களைப் பற்றிய புகார்களில் கணிசமானவை இதில்தான் பிறக்கின்றன. பல சக்கரங்கள் கணினியிடம் தங்களைச் சக்கரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. எக்ஸ்பாக்ஸ் கையடக்கக் கன்ட்ரோலர் என்று சொல்லிக்கொள்கின்றன. அந்தக் கன்ட்ரோலரில் உள்ள சின்னக் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளுகிறவருக்காக விளையாட்டு தானே திருப்பத்தை மெதுவாக்கி, வேகத்துக்கேற்பக் குறைத்து, மழுப்பித் தரும். சக்கரத்தைத் திருப்பிய பிறகு ஒரு கணம் கழித்துத் திரையில் வண்டி திரும்புகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. எக்ஸ்-இன்புட், டி-இன்புட் என்று இரண்டு முறைகள் உண்டு. கையேட்டில் சொன்ன பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். டி-இன்புட்டில் வைத்து, விளையாட்டின் கன்ட்ரோல் பக்கத்தில் சக்கரம் என்பதையே தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் தேடலில் கேம் கன்ட்ரோலர் என்று தட்டினால் வரும் ஜன்னலில் சக்கரத்தையும் பெடல்களையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒரே கோட்டின் இரு முனைகளாக நகர்ந்தால், இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். தனித்தனிக் கோடுகளாக நகர வேண்டும். சில சக்கரங்களில் இதற்கும் முறையை மாற்றினாலே போதும். பழைய கணினியில் முன்பக்க யூஎஸ்பி துளைக்குப் பதில் பின்பக்கத் துளையில் செருகுவது நல்லது. மின்சாரம் குறைந்தால் சக்கரத்தின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும்.

எண்கள் எல்லாம் சரியானாலும் சக்கரம் ஆடினால் அத்தனையும் வீண். இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சின்னக் கணக்கு. 25 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு, அடித்தளம் தளர்ந்து 3 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வைப்போம். அது ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 180 டிகிரி சக்கரம் எதையும் ஐந்து மடங்காக்கும் அல்லவா, நிஜ ஸ்டீயரிங்கில் 7 டிகிரி திருப்பியதற்கு அது சமம். சக்கர விளிம்பின் 3 மில்லிமீட்டர், நெடுஞ்சாலையில் ஒரு தடம் மாறுவதற்குச் சமமாகிறது. பெட்டிக்குள் கொடுக்கும் உறிஞ்சு ரப்பர்கள் கண்ணாடியிலும் சன்மைகாவிலும் சிறிது நேரம் ஒட்டும், வெறும் மரத்தில் ஒட்டவே ஒட்டாது. திருகிப் பிடிக்கும் கிளாம்ப் அவசியம். அதற்கும் கீழே மெல்லிய ரப்பர் துண்டு. மடக்குமேசை, பிளாஸ்டிக் மேசை, கட்டில்மேல் வைக்கும் லேப்டாப் பலகை எதுவும் உதவாது. இங்கேதான் கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஒரு வசதி. இந்த மாவட்டத்து மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடவுளுக்கே வாகனம் செதுக்கும் கை இருக்கிற ஊரில், இரண்டு கால்களும் ஒரு குறுக்குச் சட்டமும் சாய்வாக ஒரு பெடல் பலகையும் கொண்ட தாங்கி செய்வது எந்தத் தச்சருக்கும் அரைநாள் வேலை. பிளைவுட் போதும். கரும்பு டிரெய்லருக்கு ஆங்கிள் பற்றவைக்கும் வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம், கனமும் உறுதியும் கூடும். அளவுகள் மூன்று சொல்ல வேண்டும்: உட்கார்ந்தபடி சக்கரத்தின் மேல்விளிம்பு தோளுக்குக் கீழே நிற்க வேண்டும், முழங்கை சற்று மடங்க வேண்டும், பெடல் பலகை பின்னால் நகராதபடி தாங்கியோடு ஒரே சட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சக்கரத்துக்கு விலை கொடுத்தவர் பெரும்பாலும் நாற்காலியை மறந்துவிடுவார். உருளைச் சக்கரம் பூட்டிய ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் நிற்பது வண்டி அல்ல, பின்னால் உருண்டு போவது நாம்தான். நான்கு கால் மர நாற்காலி இதற்கு உத்தமம்.

பிரேக் தனிக் கதை. நிஜ வண்டியில் பிரேக் பெடல் ஒரு கட்டத்துக்குப் பிறகு நகராது, அழுத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். கால் நினைவில் வைத்திருப்பது எவ்வளவு பலத்தில் மிதித்தோம் என்பதையே. மலிவுப் பெடல் ஒரு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டும் அளக்கிறது, அந்த ஸ்பிரிங்கும் கோழி இறகு மாதிரி. காலுக்குத் தூரம் சரியாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு மிதியும் முழு பிரேக்காகிறது, மலையிறக்கத்தில் டயர் பூட்டிக்கொண்டு வண்டி நேராக வழுக்குகிறது. நிவாரணம் தெருவிலேயே கிடைக்கும்: கிரிக்கெட் ஆடித் தேய்ந்த டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி, பெடலின் பின்பக்கம் அது இறங்கும் இடத்தில் ஒட்டிவிடுவது. முதல் பாதித் தூரம் லேசாகவும் பிறகு கெட்டியாகவும் இறங்கும். பந்து இருப்பதால் பெடல் அடிவரை போகாது. எனவே விளையாட்டில் பெடலைத் திரும்ப அளவெடுக்க வைத்து, இயல்பான மிதியில் நூறு சதவீதம் வரும்படி எல்லையைக் குறித்துவிட வேண்டும். செலவில்லாத இந்த வேலை, சக்கரத்தில் செய்யும் எந்த மாற்றத்தையும்விட ஓட்டத்தைத் திருத்துகிறது என்பது என் கணிப்பு.

கண்ணையும் விட்டுவிடக் கூடாது. திரை என்பது காரின் முன்கண்ணாடி. அது எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே உண்மையில் எத்தனை டிகிரி காட்சி அதில் அடங்க வேண்டும் என்பது முடிவாகிறது. 24 அங்குலத் திரையின் அகலம் 53 செ.மீ.; அதை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் கணக்குப்படி சுமார் 48 டிகிரி. விளையாட்டுகள் இதைவிடப் பரந்த காட்சியைத் திணித்து வைத்திருக்கும். அதனால் வளைவு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும், வந்த பிறகு திடீரென்று வந்ததுபோல் தோன்றும், பழியைச் சக்கரம் ஏற்கும். ஃபீல்டு ஆஃப் வியூ என்ற எண்ணைக் குறையுங்கள், திரையைச் சக்கரத்துக்கு அப்பால் ஒட்டினாற்போல் முன்னுக்கு இழுங்கள். லேப்டாப் திரைக்கு இந்தக் கணக்கு 32 டிகிரிக்கு இறங்கிவிடும், அதில் பக்கக் கண்ணாடியே தெரியாது. அங்கே கொஞ்சம் சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு சொன்னாலும் பந்தய விளையாட்டில் ஊறியவர்கள் ஒரு கேள்வியை விடமாட்டார்கள்: எதிர்விசை இல்லாத சக்கரம் வெறும் பெரிய ஜாய்ஸ்டிக்தானே? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. நிஜ காரில் டயர் சாலையைப் பிடித்திருக்கும்போது ஸ்டீயரிங் கனக்கும். பிடி நழுவத் தொடங்கும்போது லேசாகும். கண் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஸ்பிரிங் சக்கரத்துக்கு இந்தப் பேச்சு தெரியாது. வண்டி நின்றாலும் ஓடினாலும், தார்ச்சாலையிலும் சேற்றிலும், எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு இழுக்கும். ‘அசெட்டோ கோர்சா’ போன்ற பந்தய விளையாட்டில் பிடியின் விளிம்பில் ஓட்ட விரும்புகிறவருக்கு இந்தக் குறையை எந்த எண்ணாலும் நிரப்ப முடியாது. அவர் காசு சேர்த்து இரண்டாம் வகைக்குப் போவதே சரி. ஆனால் லாரியும் பேருந்தும் ஓட்டுகிறவர் பிடியின் விளிம்புக்குப் போவதே அபூர்வம். பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு நிஜப் பேருந்திலும் கைக்கு வரும் செய்தி குறைவு. அவருக்கு வேண்டியது கோணமும் நிதானமும், அவை இரண்டும் முதல் வகையில் கிடைக்கும். இன்னொன்று, விலை கூடிய சக்கரமும் இந்த வேலைகளிலிருந்து தப்பிக்க விடாது. ஜி29-ன் மோட்டார் தருவது இரண்டு நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். ஆரம்ப நிலை டைரக்ட் டிரைவ் சக்கரங்களில் அது ஐந்தாகிறது. ஆடும் மேசையில் அந்த விசை மேசையைத்தான் உலுக்கும். விசையை நூறு சதவீதத்தில் வைத்தால் பெரிய விசையும் சிறிய விசையும் மோட்டாரின் உச்சத்தில் முட்டி ஒன்றுபோலாகிவிடும், சாலையின் நுணுக்கம் தொலைந்துபோகும். மலிவுச் சக்கரத்தில் மாட்டவும் அளக்கவும் கற்றவர் நாளைக்கு இரண்டாம் வகை வாங்கினால் முதல் நாளே அதன் முழுப் பயனையும் பெறுவார். பழையது வாங்குவதானால் அடாப்டர் அசல்தானா, பெடலை மெதுவாக மிதிக்கும்போது திரையில் கோடு துள்ளுகிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெற்றோரின் ஆட்சேபம் வேறு மாதிரி. இதில் பழகியவன் நாளைக்கு நிஜ வண்டியின் சாவியைக் கேட்பானே? கேட்பான்; கொடுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும், ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. மேசையில் மோதினால் ரீஸ்டார்ட் பொத்தான் இருக்கிறது, எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் விளக்கில்லாமல் வருவதில்லை, குறுக்கே ஆடு ஓடுவதில்லை. அந்தத் தைரியம் சாலைக்கு உதவாது. அதே சமயம் ஸ்டீயரிங்கும் திரையும் வைத்துப் பழக்குவதை அரசே ஏற்றிருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் விதிகளின்படி, அங்கீகாரம் பெறும் ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டரும் தனிப் பயிற்சித் தடமும் இருக்க வேண்டும். இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரம், கனரகத்துக்கு 38 மணி நேரம் பாடம். சிமுலேட்டரும் தடமும் சேர்ந்து என்பதைக் கவனிக்க வேண்டும். திரையில் கற்றதைத் தரையில், பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறார். வீட்டுச் சக்கரத்தில் அந்த இரண்டாம் பாதி கிடையாது, எனவே அது விளையாட்டுப் பொருள் என்ற இடத்திலேயே நிற்கட்டும். விளையாட்டுப் பொருள்தானே, இவ்வளவு கணக்கு எதற்கு என்றால், கேரம் பலகைக்கு மட்டம் பார்க்கிறோம், கிரிக்கெட் மட்டைக்குப் பிடி சுற்றுகிறோம். ஒழுங்காக வைத்தால்தான் விளையாட்டு விளையாட்டாக இருக்கும்.

பத்தாயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் என் பதில் இது: முழுப் பணத்தையும் சக்கரத்தில் போடாதீர்கள். தாங்கிக்கும் கிளாம்புக்கும் இரண்டாயிரம் ஒதுக்கிவிட்டு மீதியில் வாங்குங்கள். மாட்டிய முதல் நாள் மாலையில் பந்தயம் வேண்டாம். விளையாட்டில் ஆளரவமற்ற நேர்ச்சாலை ஒன்றைத் தேடி 80-ல் பத்து நிமிடம் ஒரே தடத்தில் ஓட்டிப் பாருங்கள். நெளிந்தால் நடுவை மந்தமாக்குங்கள், கேட்காமல் கிடந்தால் டெட்ஸோனைக் குறையுங்கள். பிறகு ஒரு மலைச்சாலையில் இருபதில் ஏறி இறங்கிப் பாருங்கள். வளைவின் நடுவில் திடீரென்று வெட்டினால் மந்தத்தை ஒரு படி குறையுங்கள். இரண்டு சாலையும் ஒத்துக்கொண்ட எண்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள், விளையாட்டு புதுப்பிக்கப்பட்டால் அவை காணாமல் போவதுண்டு. கடைக்குப் போகும்போது பளபளக்கும் விளக்குகளையும் அதிர்வு மோட்டாரின் பெருமையையும் கேட்டுக்கொள்ளுங்கள், அவசரமில்லை. பெட்டியின் பக்கவாட்டில் சுழற்சி எத்தனை டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். 180 என்று இருந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.